குழந்தைகளின் கிட்டப்பார்வை: சொட்டு மருந்து மட்டும் போதுமா?

மூன்றாம் வகுப்பில் மைனஸ் ஒன்று; ஐந்தாம் வகுப்பில் மைனஸ் இரண்டரை; பத்தாம் வகுப்பு முடிப்பதற்குள் மைனஸ் ஆறு. இப்படி ஆண்டுதோறும் கண்ணாடியின் பவர் ஏறிக்கொண்டே போகும் பிள்ளைகளை இன்று எல்லாத் தெருவிலும் பார்க்கிறோம். ‘பவருக்கு ஏற்ற கண்ணாடியைப் போடுங்கள், வளர்ச்சி நின்றால் தானாக நின்றுவிடும்’ என்பதுதான் நீண்ட காலம் பெற்றோருக்குக் கிடைத்துவந்த பதில். இப்போது பல கண் மருத்துவர்கள் கண்ணாடிச் சீட்டோடு, இரவு படுக்கும் முன் விடவேண்டிய ஒரு சொட்டு மருந்தையும் எழுதித் தருகிறார்கள். அட்ரோபின் என்னும் அந்த மருந்து எவ்வளவு பலன் தரும், எந்தக் குழந்தைக்குத் தரும், எப்போது ஆபத்தாகும் என்பதையெல்லாம் பெற்றோர் தெரிந்துகொள்வது அவசியம்.

கண் நீள்கிறது

கரும்பலகை மங்கலாகத் தெரிவதுதான் கிட்டப்பார்வை என்று நாம் நினைக்கிறோம். அது வெளியே தெரியும் அறிகுறி. உள்ளே நடப்பது, கண் தன் அளவுக்கு மீறி நீள்வது. வளர்ந்தவரின் கண் முன்னிருந்து பின்வரை ஏறத்தாழ 24 மில்லிமீட்டர் இருக்கும். அது ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக நீண்டால் பவர் ஏறக்குறைய இரண்டரை ஏறிவிடும்.

கண் நீளும்போது உள்ளே ஒட்டியிருக்கும் விழித்திரையும் இழுபட்டு மெலிகிறது. பவர் மைனஸ் ஆறைத் தாண்டியவர்களுக்குப் பிற்காலத்தில் விழித்திரை கழன்றுவிடுவது, அதன் மையப் பகுதி சிதைவது, கண் நீர் அழுத்த நோய், வயதுக்கு முந்திய கண்புரை ஆகியவை வரும் வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது. லேசர் சிகிச்சை செய்து கண்ணாடியைக் கழற்றிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். லேசர் கண்ணின் முன்பக்க வளைவைத்தான் மாற்றுகிறது. நீண்ட கண் நீண்டபடியேதான் இருக்கும். விழித்திரைக்கான ஆபத்தும் அப்படியே இருக்கும்.

இதனால்தான் ஒவ்வொரு பவரும் முக்கியம். ஒரு குழந்தையின் கண் எட்டிநிற்கும் இறுதிப் பவரில் ஒன்றே ஒன்றைக் குறைத்தாலும், விழித்திரை மையம் சிதையும் வாய்ப்பு 40 சதவீதம் குறைகிறது என்று 2019-இல் புல்லிமோர், பிரென்னன் என்ற இரு ஆய்வாளர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள். மைனஸ் ஐந்தில் நிற்கவேண்டிய பிள்ளையை மைனஸ் நான்கில் நிறுத்துவது வெறும் கண்ணாடித் தடிமன் விஷயமல்ல.

பாதிப்பின் அளவும் சிறியதல்ல. டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் அந்நகரப் பள்ளிகளில் நடத்தி 2015-இல் வெளியிட்ட ஆய்வில், பரிசோதித்த மாணவர்களில் 13.1 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை இருந்தது. 2050-இல் உலக மக்களில் பாதிப் பேர் கிட்டப்பார்வையோடு இருப்பார்கள் என்று 2016-இல் வெளியான பிரையன் ஹோல்டன் குழுவின் மதிப்பீடு சொல்கிறது. கொரோனா காலத்தில் பிள்ளைகள் வீட்டுக்குள் அடைபட்டபோது நடந்ததை நாம் மறந்துவிடக் கூடாது. சீனாவின் ஃபெய்செங் நகரில் ஆறு வயதுக் குழந்தைகளில் கிட்டப்பார்வை உள்ளோர் முந்தைய ஐந்து ஆண்டுகளில் 5.7 சதவீதத்தைத் தாண்டியதே இல்லை. 2020-இல் அது 21.5 சதவீதமாகத் தாவியது. சில மாதங்கள் வீட்டுக்குள் இருந்ததற்குப் பிஞ்சுக் கண்கள் கொடுத்த விலை அது.

பழைய மருந்து, புதிய வேலை

அட்ரோபின் புதிதாகக் கண்டுபிடித்த மருந்தல்ல. பெல்லடோனா என்னும் செடியில் இருப்பது. நம் ஊர் வேலியோரத்தில் வளரும் ஊமத்தையிலும் இருப்பது. குழந்தைக்குச் சரியான பவரைக் கண்டறிய மருந்து விட்டுப் பரிசோதிக்கும்போது, அதற்குப் பயன்படும் மருந்துகளில் இதுவும் ஒன்று. அப்படி விட்ட பிறகு கண்ணின் பாப்பா விரிந்து, வெளிச்சம் கூசி, புத்தகம் மங்கலாகத் தெரிவதைப் பல பெற்றோர் பார்த்திருப்பார்கள்.

அதே மருந்து கண் நீள்வதையும் மெதுவாக்குகிறது என்பதை முறையாக நிறுவியது சிங்கப்பூர். 6 முதல் 12 வயது வரையிலான 400 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2006-இல் வெளிவந்தது. ஒரு சதவீத அட்ரோபின் விட்ட கண்களில் இரண்டு ஆண்டுகளில் பவர் 0.28 மட்டுமே ஏறியது. மருந்தில்லாத வெறும் சொட்டு விட்டவர்களுக்கு 1.20 ஏறியது. வியக்கத்தக்க பலன்தான். ஆனால், இரண்டு ஆண்டுகள் கூசும் கண்ணோடும் பக்கத்து எழுத்து தெரியாமலும் எந்தக் குழந்தை பள்ளிக்குப் போகும்? மருந்தை நிறுத்தியதும் பவர் வேகமாக ஏறவும் செய்தது.

எனவே அதே சிங்கப்பூர் ஆய்வாளர்கள் மருந்தின் அளவைக் குறைத்துப் பார்த்தார்கள். 0.5, 0.1, 0.01 என்று மூன்று அளவுகள். மருந்து விட்ட இரண்டு ஆண்டுகளில் வலுவான மருந்துதான் முந்தியது. நிறுத்திய பிறகு வந்த ஓராண்டில் நிலைமை தலைகீழானது. 0.5 சதவீதம் விட்டவர்களுக்கு அந்த ஓராண்டில் பவர் 0.87 ஏற, 0.01 சதவீதம் விட்டவர்களுக்கு 0.28 மட்டுமே ஏறியது. நூறில் ஒரு பங்காக நீர்த்த மருந்து, தொல்லையும் இல்லாமல் பலனும் தருகிறது என்ற நம்பிக்கை அங்கிருந்துதான் உலகெங்கும் பரவியது. நம் ஊரில் பரவலாக எழுதப்படுவதும் இந்த 0.01 சதவீத மருந்துதான்.

எந்த அளவு சரி?

இங்கேதான் பெற்றோர் சற்று நிதானிக்க வேண்டும். ஹாங்காங்கில் 438 குழந்தைகளை வைத்து, வெறும் சொட்டோடு ஒப்பிட்டு, 0.05, 0.025, 0.01 ஆகிய மூன்று அளவுகளையும் சோதித்தார்கள். 2019-இல் வெளியான அந்த முடிவின்படி, ஓராண்டில் வெறும் சொட்டு விட்டவர்களுக்கு பவர் 0.81 ஏறியது. 0.01 விட்டவர்களுக்கு 0.59, 0.025 விட்டவர்களுக்கு 0.46; 0.05 விட்டவர்களுக்கு 0.27. கண் நீளத்தை அளந்தபோது வித்தியாசம் இன்னும் தெளிவானது. வெறும் சொட்டுக் குழுவில் 0.41 மில்லிமீட்டர் நீண்டது, 0.01 குழுவில் 0.36, 0.05 குழுவில் 0.20. ஆக, கண் நீள்வதைப் பாதியாகக் குறைத்தது 0.05 சதவீத மருந்துதான்.

அமெரிக்காவில் 187 குழந்தைகளிடம் இரண்டு ஆண்டுகள் நடந்து 2023-இல் வெளியான ஆய்வோ, 0.01 சதவீத மருந்துக்கும் வெறும் சொட்டுக்கும் வேறுபாடே இல்லை என்றது. அப்படியானால் நம் பிள்ளைகளுக்கு? எய்ம்ஸ் தலைமையில் 6 முதல் 14 வயது வரையிலான 100 இந்தியக் குழந்தைகளிடம் ஓராண்டு நடந்த ஆய்வு 2021-இல் வெளியானது. 0.01 சதவீத மருந்து விட்டவர்களுக்கு பவர் 0.16 ஏறியது, வெறும் சொட்டு விட்டவர்களுக்கு 0.35. பாதிக்கு மேல் குறைவு என்பது நல்ல செய்தி. ஆனால், கண் நீளத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு அந்த ஆய்விலும் தெரியவில்லை.

இதிலிருந்து எனக்குப் புரிவது இதுதான்: மருந்து வேலை செய்கிறது, ஆனால் எல்லாக் குழந்தைக்கும் ஒரே அளவில் வேலை செய்வதில்லை. 0.01-ஐ எழுதிக் கொடுத்துவிட்டு, ‘விட்டுக்கொண்டே இருங்கள்’ என்று அனுப்பிவிடுவது சிகிச்சை ஆகாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளந்து பார்த்து, பவர் அடங்கவில்லை என்றால் அளவைக் கூட்டுவதா, வேறு வழி பார்ப்பதா என்று முடிவெடுப்பதுதான் சிகிச்சை. வளரும் பிள்ளையின் உயரத்தை வீட்டுச் சுவரில் பென்சிலால் கோடு போட்டுக் குறித்துவைப்போமே, அதுபோலக் கண் நீளத்தையும் ஆண்டுதோறும் குறித்துவைக்க வேண்டும். அந்தக் கோடு இல்லாமல் மருந்து பலன் தருகிறதா என்று யாராலும் சொல்ல முடியாது.

ஜப்பான் 2024 இறுதியில் 0.025 சதவீத மருந்துக்கும், ஐரோப்பிய ஒன்றியம் 2025-இல் 0.01 சதவீத மருந்துக்கும் அனுமதி தந்தன. அனுமதி பெற்ற அளவுகளே நாட்டுக்கு நாடு மாறுகின்றன. ‘பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு இதுதான் எழுதினார்கள்’ என்பது உங்கள் பிள்ளைக்கு அளவுகோல் ஆகாது.

பாட்டிலில் உள்ள எண்ணைப் படியுங்கள்

மருந்துக் கடையில் ஒரு சதவீத அட்ரோபினும் கிடைக்கிறது. 0.01 சதவீதத்தைவிட அது நூறு மடங்கு வலுவானது. சீட்டில் எழுதியிருப்பதைக் கடைக்காரர் தவறாகப் படித்தாலோ, ‘அட்ரோபின் கொடுங்கள்’ என்று பெற்றோர் வாயால் கேட்டு வாங்கினாலோ, மாதக்கணக்கில் குழந்தையின் கண்ணில் விழப்போவது அந்த ஒரு சதவீதமாக இருக்கலாம். புள்ளிக்குப் பின்னால் உள்ள எண்ணை ஒவ்வொரு முறையும் படித்துப் பாருங்கள். குழந்தைக்குத் திடீரென்று வெளிச்சம் மிகவும் கூசினால், கண்ணின் பாப்பா பெரிதாகத் தெரிந்தால், முகம் சிவந்து வாய் உலர்ந்தால், காய்ச்சல் போலச் சுட்டால், உளறினால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் பாட்டிலை எட்டாத உயரத்தில் வையுங்கள். வலுவான அட்ரோபினைச் சின்னக் குழந்தை வாயில் ஊற்றிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. சொட்டு விட்டபின் கண்ணின் உள் ஓரத்தை மூக்கை ஒட்டி ஒரு நிமிடம் மெதுவாக அழுத்திப் பிடித்தால், மருந்து தொண்டைக்குள் இறங்கி உடலில் கலப்பது குறையும். திறந்த பாட்டிலை மாதம் தாண்டி வைத்திருக்காதீர்கள்.

குறைந்த அளவு மருந்திலும் சிலருக்கு வெளிச்சம் கூசும்; படிக்கும்போது சற்று மங்கும்; ஒவ்வாமையால் கண் சிவக்கும். இவை பெரும்பாலும் சமாளிக்கக்கூடியவை. பொறுத்துக்கொள்ள முடியாவிட்டால் மருத்துவரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். பாதியில் நிறுத்தினால், அதிலும் சிறு வயதில் நிறுத்தினால், அடங்கியிருந்த பவர் மறுபடி வேகமெடுக்கலாம். இரண்டு மூன்று ஆண்டுகளாவது தொடரவேண்டிய சிகிச்சை இது என்று முதல் நாளே தெரிந்துகொண்டு தொடங்குவது நல்லது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இந்த மருந்து ஏறிய பவரை இறக்காது, கண்ணாடியையும் கழற்றவைக்காது. ஏறும் வேகத்தைக் குறைப்பது மட்டுமே அதன் வேலை. இதைச் சொல்லாமல் கொடுத்தால், ஆறு மாதம் கழித்தும் கண்ணாடி போகவில்லையே என்று பெற்றோர் மருந்தைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள்.

வெயில் செலவில்லாத மருந்து

மருந்தைவிட எனக்கு அதிகக் கவலை தருவது பிள்ளைகள் இழந்துவிட்ட வெயில். சிட்னியிலும் சிங்கப்பூரிலும் வாழும் சீன வம்சாவளிக் குழந்தைகளை, ஒரே வயதுக்காரர்களை, 2008-இல் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒரே மரபு கொண்ட பிள்ளைகள். ஆறு ஏழு வயதில் சிங்கப்பூரில் 29.1 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை. சிட்னியில் வெறும் 3.3 சதவீதம். சிட்னிப் பிள்ளைகள் வாரத்துக்கு 13.75 மணி நேரம் வெளியில் இருந்தார்கள். சிங்கப்பூர்ப் பிள்ளைகள் 3.05 மணி நேரம். சிட்னிப் பிள்ளைகள் புத்தகம் படிக்காதவர்களும் அல்ல.

சீனாவின் குவாங்சோ நகரில் ஆறு பள்ளிகளின் முதல் வகுப்புப் பிள்ளைகளைப் பள்ளி நாள்தோறும் கூடுதலாக 40 நிமிடம் வெளியே விட்டார்கள். மூன்று ஆண்டு முடிவில் அவர்களில் 30.4 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை வந்தது. வழக்கம்போல நடந்த பள்ளிகளில் 39.5 சதவீதம். ஒரு பீரியடுக்கே இவ்வளவு பலன். தைவான் 2010 முதல் நாளுக்கு 120 நிமிடம் வெளியில் இருப்பதைப் பள்ளிகளின் பழக்கமாக்கியது. ஆண்டுதோறும் ஏறிக்கொண்டிருந்த எண்ணிக்கை அதன்பின் இறங்கத் தொடங்கியது.

பகல் வெளிச்சம் விழித்திரையில் டோபமின் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கச் செய்கிறது, அது கண் நீள்வதைக் கட்டுப்படுத்துகிறது என்பது இதற்கு ஆய்வாளர்கள் தரும் விளக்கம். வகுப்பறை வெளிச்சம் சில நூறு லக்ஸ்தான். வெளியே மர நிழலிலும் அது பல ஆயிரம் லக்ஸ். எனவே நம் ஊர் உச்சி வெயிலில் பிள்ளையை நிறுத்த வேண்டியதில்லை. காலை வெயில், மாலை வெயில், வேப்ப மர நிழல் எல்லாமே கண்ணுக்கு மருந்துதான்.

இது எளிய காரியம்போலத் தெரிந்தாலும் நம் வீடுகளில் எளிதல்ல. பள்ளி விட்டதும் டியூஷன்; டியூஷன் விட்டதும் இருட்டு. விளையாட்டுப் பீரியடைக் கணக்கு ஆசிரியர் வாங்கிக்கொள்வது பல பள்ளிகளில் வாடிக்கை. ‘வெயிலில் ஆடினால் கறுத்துப் போவாய்’ என்று பெண் பிள்ளைகளை வாசலிலிருந்தே உள்ளே அழைக்கிறோம். பெரியவளானதும் தெருவே இல்லாமல் ஆக்கிவிடுகிறோம். கண் இன்னும் நீண்டுகொண்டிருக்கும் வயது அது. தோல் நிறத்துக்காகக் குழந்தையின் விழித்திரையைப் பணயம் வைக்கிறோம் என்பதைத் தாய்மார்களும் பாட்டிமார்களும் தயவுசெய்து யோசிக்க வேண்டும்.

வெளிச்சம் கிட்டப்பார்வை வராமல் தள்ளிப்போடுவதில்தான் வலுவாக உதவுகிறது. வந்த பிறகு ஏறும் பவரை அடக்குவதில் அதன் பலன் குறைவு. மருந்துக்கு வேலை பெரும்பாலும் வந்த பிறகுதான். எனவே இரண்டில் ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்று எண்ணுவதற்கில்லை. ‘சொட்டு விடுகிறோமே’ என்ற தைரியத்தில் பிள்ளையின் கையில் கைபேசியைக் கொடுத்து அறைக்குள் உட்காரவைப்பது, மருந்தைக் கீழே கொட்டுவதற்குச் சமம்.

பயமும் பத்தியமும்

‘கண்ணாடி போட்டால் பவர் ஏறிவிடும்’ என்ற நம்பிக்கை இன்னும் போகவில்லை. பவரைச் சற்றுக் குறைத்துக் கண்ணாடி எழுதச் சொல்லும் பெற்றோரும் இருக்கிறார்கள். மலேசியாவில் இதைச் சோதித்தே பார்த்தார்கள். 2002-இல் வெளியான அந்த ஆய்வில், குறைத்த பவரில் கண்ணாடி போட்ட பிள்ளைகளுக்குத்தான் கிட்டப்பார்வை கூடுதல் வேகத்தில் ஏறியது. முழுப் பவரில் கண்ணாடி போடுவதே சரி.

பொன்னாங்கண்ணிக் கீரையும் காரட்டும் நல்ல உணவு. வைட்டமின் ஏ குறைவால் வரும் மாலைக்கண்ணைத் தடுக்க உதவுபவை. நீண்ட கண்ணை அவற்றால் சுருக்க முடியாது. கண் பயிற்சிகளாலும் முடியாது. சில தனிவகைக் கண்ணாடி லென்ஸ்கள் கண் நீள்வதைக் குறைப்பது உண்மை. ஹாங்காங்கில் உருவான ஒருவகை லென்ஸ், பவர் ஏறும் வேகத்தை இரண்டு ஆண்டுகளில் பாதியாகக் குறைத்தது. ஆனால், அவற்றின் விலை பெரும்பாலான குடும்பங்களுக்கு எட்டாது.

அரசு என்ன செய்யலாம்?

இந்தச் சிகிச்சை வசதியுள்ளவர் வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் கிடைக்கும் ஒன்றாகிவிடக் கூடாது. மருந்தின் விலை மாதம் சில நூறு ரூபாய்தான். ஆனால், கூலி வேலைக்குப் போகும் குடும்பத்துக்கு மூன்று ஆண்டு மருந்தும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவமனைக்குப் போகும் நாளின் சம்பள இழப்பும் பெரிய சுமை.

தமிழ்நாட்டில் அடித்தளம் இருக்கிறது. கண்ணொளி காப்போம் திட்டத்தின்கீழ் பள்ளி மாணவர்களைப் பரிசோதித்து இலவசமாகக் கண்ணாடி தருகிறோம். கண்ணாடி தருவதோடு பிள்ளையின் பவரை ஒரு அட்டையில் எழுதி, ஆண்டுதோறும் ஒப்பிடும் ஏற்பாட்டையும் சேர்க்க வேண்டும். ஓராண்டில் பவர் அரைக்கு மேல் ஏறிய பிள்ளையை அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் கண் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். பரிசோதனை ஒன்றாம் வகுப்பிலேயே தொடங்க வேண்டும். எவ்வளவு சிறு வயதில் கிட்டப்பார்வை வருகிறதோ அவ்வளவு உயரத்துக்கு அது ஏறக்கூடும்.

கண் நீளத்தை அளக்கும் கருவிக்குப் புதிதாக எங்கும் அலைய வேண்டியதில்லை. கண்புரை அறுவைக்கு முன் உள்ளே வைக்கும் லென்ஸின் பவரைக் கணக்கிட அதே நீளத்தைத்தான் அளக்கிறார்கள். தாத்தாவுக்கு அளக்கும் கருவி ஒளியால் தொடாமல் அளக்கும் வகையாக இருந்தால், பேரனுக்கும் அதுவே போதும். வாரத்தில் ஒரு பிற்பகலைப் பிள்ளைகளுக்கென ஒதுக்கினால், தொடங்கிவிடலாம்.

குறைந்த அளவு அட்ரோபினை அரசு மருத்துவமனைகளின் இலவச மருந்துகளில் சேர்ப்பதும், ஒரு சதவீத மருந்தோடு குழம்பாதபடி பாட்டிலுக்கும் மூடிக்கும் தனி நிறம் கட்டாயமாக்குவதும் சுகாதாரத் துறை உடனே எடுக்கக்கூடிய முடிவுகள். விளையாட்டுப் பீரியடை வேறு பாடத்துக்குத் தரக் கூடாது என்ற சொல் சுற்றறிக்கையோடு நின்றுவிடாமல், ஆய்வுக்கு வரும் கல்வி அதிகாரி அதையும் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளைக்கு ஆறு வயது ஆகியிருந்தால், கண்ணைச் சுருக்கிப் பார்க்கும்வரை காத்திருக்காமல் ஒருமுறை மருந்து விட்டுப் பரிசோதித்துவிடுங்கள். உங்களில் ஒருவருக்கோ இருவருக்குமோ மைனஸ் பவர் இருந்தால் இது இன்னும் அவசரம். ஏற்கெனவே கண்ணாடி போட்டிருக்கும் பிள்ளை என்றால், பழைய சீட்டுகளையெல்லாம் எடுத்துக்கொண்டு போய் மருத்துவரிடம் கேளுங்கள்: ஓராண்டில் எவ்வளவு ஏறியிருக்கிறது, கண் நீளம் எவ்வளவு, சொட்டு மருந்து தேவையா, தேவை என்றால் எந்த அளவு, எத்தனை மாதத்தில் மறுபடி அளப்பீர்கள்? இந்தக் கேள்விகளுக்குப் பதிலை எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.